‘கஞ்சா இல்லை’ என்ற பரிசோதனை முடிவு போதுமா? செயற்கை கன்னாபினாய்டு குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: நடத்தையில் மாற்றம் தெரிந்ததால் எங்கள் மகனுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தோம். ‘கஞ்சா இல்லை’ என்று வந்தது. செயற்கை வகையைப் பயன்படுத்தியிருந்தால் இதிலேயே தெரிந்திருக்கும் அல்லவா?

தெரிந்திருக்காது. பல வீடுகளில் சிகிச்சை தாமதமாவதற்கு இந்த நம்பிக்கையே காரணம் என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன். வழக்கமான பரிசோதனை தேடுவது, கஞ்சாச் செடியில் போதை தரும் பொருளான டி.எச்.சி. உடலில் சிதையும்போது உண்டாகும் பொருளை மட்டுமே. செயற்கை கன்னாபினாய்டுகள், அதாவது ‘ஸ்பைஸ்’, ‘கே2’ போன்ற பெயர்களில் விற்கப்படும் ஆய்வகத் தயாரிப்பான போதை ரசாயனங்கள், மூளையில் டி.எச்.சி. செயல்படும் அதே ஏற்பிகளில் (ரசாயனங்கள் வந்து ஒட்டிச் செயல்படும் இடங்களில்), பெரும்பாலும் அதைவிடப் பன்மடங்கு வலுவாகச் செயல்படுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வேதியியல் அமைப்பில் வெகுவாக வேறுபட்டவை என்பதால், பரிசோதனை அட்டையில் சிக்குவதில்லை.

அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஹஃப்மேனின் ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்காக உருவாக்கப்பட்ட ஜே.டபிள்யூ.எச்-018 என்ற சேர்மம், ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்கப்பட்ட மூலிகைப் பொட்டலங்களில் இருப்பது 2008-இல் கண்டறியப்பட்டது. அன்று முதல், ஒரு சேர்மத்தைத் தடை செய்தவுடன் மூலக்கூறைச் சிறிது மாற்றி அடுத்ததை விற்பது தொடர்கிறது. ‘கே2 பரிசோதனை’ என்று விற்கப்படும் அட்டைகளில் பல, அந்தப் பழைய தலைமுறைச் சேர்மங்களையே தேடுகின்றன. நம்பத்தக்க முடிவு வேண்டுமானால், மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலைக் கருவியுள்ள ஆய்வகம் வேண்டும். அங்கும், எந்தெந்தச் சேர்மங்களைத் தேடுகிறார்கள், அந்தப் பட்டியலைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று மருத்துவர் மூலம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அறிகுறிகள் எவை?

இதற்கென்றே உரிய தனி அடையாளம் எதுவும் இல்லை. சிவந்த கண்கள், படபடப்பு, வியர்வை, வாந்தி, காரணமற்ற பயம், பேச்சுக் குழறல், ஒரே இடத்தை வெறித்தபடி அசையாமல் நிற்பது ஆகியவை புகைத்த சில நிமிடங்களில் தொடங்கிப் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். திடீரெனத் தொடங்கி, தணிந்து, மீண்டும் மீண்டும் வரும் இந்தப் போக்கைத்தான் நான் முதலில் கேட்டறிவேன். எரிச்சலும் தனிமையும் தூக்கக் குறைவும் மட்டும் இருந்தால், அவை மனச்சோர்வின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். போதைப்பொருள் என்று முடிவு கட்டிவிட்டு அதைத் தவறவிடக் கூடாது.

பொருளையும் பாருங்கள். காய்ந்த இலைத்தூளின் மீது ரசாயனக் கரைசலைத் தெளித்து உலர்த்தியே இதைத் தயாரிக்கிறார்கள். ஆகவே அதில் கஞ்சாவின் வாடை வராமலிருக்கலாம். தெளிப்பு சீராக இராததால், ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாமலும் அடுத்த சிட்டிகை வலிப்பு வரவழைப்பதாகவும் இருக்கக்கூடும்.

கேள்வி: மகளின் பையில் ஒரு வேப் (மின்-சிகரெட்) கிடைத்தது. ‘ஸ்பைஸ் எல்லாம் இல்லை’ என்று உறுதியாகச் சொல்கிறாள். நம்பலாமா?

அவள் பொய் சொல்லாமலேயே தவறான தகவலைச் சொல்லியிருக்கலாம். இங்கிலாந்துப் பள்ளிகளில் பறிமுதல் செய்யப்பட்ட வேப்களைப் பரிசோதித்த பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ ஆறில் ஒன்றில் ஸ்பைஸ் இருந்ததாக 2024-இல் அறிவித்தார்கள். டி.எச்.சி. திரவம் என்று நம்பி வாங்கும் பிள்ளைக்கு உள்ளே இருப்பது தெரிய வழியில்லை. எனவே ‘ஸ்பைஸ் எடுத்தாயா?’ என்பதைவிட, ‘இதை இழுத்த பிறகு உடம்பு எப்படி இருந்தது?’ என்று கேட்பதே பயன்தரும். அந்த வேப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிறுநீரைக் காட்டிலும் அதைப் பரிசோதிப்பது எளிது.

கேள்வி: மகனுக்குத் தெரியாமல் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டில் பெற்றோரே இத்தகைய பரிசோதனை செய்வதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் பரிந்துரைப்பதில்லை. மேலே சொன்ன காரணங்களால் முடிவு தவறாக ‘இல்லை’ என்று வர வாய்ப்பு அதிகம். ஆனால் ஒளிந்து செய்தது தெரிந்தால், அடுத்த முறை உடல்நிலை மோசமாகும்போது அவன் உங்களை அழைக்கத் தயங்குவான். மருத்துவர் அவனுடன் தனியாகப் பேசட்டும். பரிசோதனை தேவையென்றால் அவனுடைய சம்மதத்துடன் நடக்கட்டும்.

கேள்வி: எத்தனை நாள் வரை சிறுநீரில் தெரியும்?

எப்போதாவது பயன்படுத்துபவர்களிடம் பெரும்பாலும் மூன்று நாள்களுக்குள் மறைந்துவிடும். தொடர்ந்து பயன்படுத்துபவர்களிடம் அதற்கு மேலும் தெரியலாம்.

கேள்வி: நண்பர்களுடன் இருக்கும்போது மயங்கி விழுந்தால் என்ன செய்வது?

உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். மிச்சமுள்ள பொட்டலத்தையோ வேப்பையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். இதற்கு முறிமருந்து இல்லை. வலிப்பையும் கிளர்ச்சியையும் அடக்கும் மருந்துகளோடு, இதயத் துடிப்பையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் கண்காணிப்பதே சிகிச்சை. நண்பர்கள் பயந்து உண்மையை மறைப்பதுதான் மிகுந்த கேடு விளைவிக்கிறது. என்ன எடுத்தான் என்று சொல்பவரைத் திட்டாமல் கேளுங்கள்.

தெளிந்து எழுந்த பிறகும் சில வாரங்கள் கவனம் தேவை. 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், புரோடிஃபாகும் என்ற எலிக்கொல்லி கலந்த செயற்கை கன்னாபினாய்டைப் பயன்படுத்திய நூற்றுக்கும் மேற்பட்டோர் இரத்தக்கசிவால் பாதிக்கப்பட்டனர். ஈறிலோ மூக்கிலோ சிறுநீரிலோ இரத்தம் தென்பட்டால், இரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதிக்கச் சொல்லி அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: மகன் ஒப்புக்கொண்டு, நிறுத்திவிட்டதாகவும் சொல்கிறான். ஆனால் தூங்காமல் வியர்த்துக்கொண்டிருக்கிறான். மீண்டும் எடுக்கிறானா?

நிறுத்தியதாலேயே இப்படி இருக்கலாம். தினமும் பயன்படுத்தியவர்களுக்கு நிறுத்தியபின் தூக்கமின்மை, வியர்வை, குமட்டல், கடும் பதற்றம் ஆகியவை வருவதுண்டு. சிலருக்கு வலிப்பும் வரும். ஆகவே சந்தேகத்தோடு விசாரிக்காமல், இந்த வாரத்திலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலிப்போ, மனக்குழப்பமோ, உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சோ இருந்தால் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.