எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும்போது, உடலின் செல்லைப் படமெடுக்க ஹீலியம் அயனி நுண்ணோக்கி (எலக்ட்ரானுக்குப் பதில், எலக்ட்ரான் இழந்த ஹீலியம் அணுக்களின் கற்றையை ஓட்டுவது) எதற்கு?

முக்கியக் காரணம் தங்கப்பூச்சு. உலர்ந்த செல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. எலக்ட்ரான் கற்றையை அதன்மேல் ஓட்டினால் மின்னூட்டம் தேங்கி, படம் வெளுத்து இழுபடும். அதனால் சில நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கமோ பிளாட்டினமோ பூசுவார்கள். நாம் பார்க்க விரும்பும் நுண்துளைகளும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வெள்ளையடித்ததும் சுவரின் மயிரிழை விரிசல் மறைவதுபோல அவை மறைந்துவிடும்.

ஹீலியம் அயனியில் அந்தப் பூச்சு தேவையில்லை. செல்லில் தேங்குவது நேர் மின்னூட்டம். பக்கத்திலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்களைத் தூவினால் சமனாகிவிடும். எலியின் சிறுநீரகத்தில் ரத்தம் வடிகட்டப்படும் பகுதியை இப்படிப் பூச்சில்லாமலே படமெடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கற்றை பிறக்கும் இடம். டங்ஸ்டன் ஊசிமுனையைச் செதுக்கிச் செதுக்கி, நுனியில் மூன்றே அணுக்கள் நிற்கும்படி செய்கிறார்கள். அவற்றுள் ஒரே ஓர் அணுவருகே உருவாகிக் கிளம்பும் ஹீலியம் அயனிகள்தான் கற்றை! எலக்ட்ரானைவிட ஹீலியம் அயனி சுமார் 7,300 மடங்கு கனம். அலைநீளம் மிகக் குறைவு. அதனால் அரை நானோமீட்டர் இடைவெளியில் உள்ளவற்றையும் பிரித்துக் காட்டும். குவிய ஆழமும் (படம் தெளிவாக விழும் உயர வீச்சு) அதிகம் என்பதால் செல்லின் மேடும் பள்ளமும் ஒரே படத்தில் தெளிவாக விழும்.

சரி, உயிருள்ள செல்லைப் பார்க்கலாமா? முடியாது. உள்ளே வெற்றிடம். செல்லை வேதிப்பொருளில் நிலைப்படுத்தி, நீரை அகற்றி, சுருங்காமல் உலர்த்த வேண்டும். அதில் சொதப்பினால் எந்த நுண்ணோக்கியும் கைகொடுக்காது. அப்புறம், ஒரே இடத்தில் கற்றையை ரொம்ப நேரம் நிறுத்தினால் மாதிரியே அரிபடத் தொடங்கிவிடும்.