யார் கை முழம்?

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை இரண்டு வருடமாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். முப்பத்திரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் வேலை. அதில் பாதிக் காலம் புரூஃப் பார்த்தேன். தமிழும் இங்கிலீஷும் பார்ப்பேன், கன்னடம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன்.

என் மகள் பி.ஏ. முடித்திருக்கிறாள். ஜர்னலிசம், சைக்காலஜி, இங்கிலீஷ். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் தொடர்பியல், இதழியல் துறையில் எம்.ஏ. சீட் கிடைத்திருக்கிறது. அட்மிஷனுக்கு நானும் கூடப் போனேன். துறை வாசலில் ஆசிரியர்கள் பெயர்ப் பலகை மாட்டியிருந்தது. டாக்டர், டாக்டர் என்று வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே நாலைந்து பெயர்களுக்கு எதிரே 'கெஸ்ட்' என்று போட்டிருந்தார்கள், கௌரவ விரிவுரையாளராம். கியூவில் நின்ற நேரத்தில் மகள் ஒவ்வொரு பெயரையும் போனில் தேடிப் பார்த்தாள். ஒரே ஒருவரைத் தவிர யாரும் பத்திரிகையில் வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லாம் ஆய்வுக் கட்டுரை, கருத்தரங்கம்.

கையில் மை படாத ஒருவர் வந்து எனக்கு அச்சு வேலை சொல்லிக் கொடுத்திருந்தால் நான் சிரித்திருப்பேன் சார். இவர்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள்?

இன்னொரு பக்கம், தனியார் நிறுவனம் ஒன்று பத்து மாத டிப்ளமோ நடத்துகிறது. வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரும் பெரிய எடிட்டர்கள் என்கிறார்கள். ஃபீஸ், என் பி.எஃப். பணத்தில் பாதி. மகள் பல்கலைக்கழகமே போதும் என்கிறாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நீங்கள் ரிப்போர்ட்டராகவும் இருந்தவர், கொஞ்ச நாள் பாடமும் எடுத்தவர். எதில் சேர்க்கலாம்? பெயர் போட வேண்டாம், மகள் திட்டுவாள்.

ஓர் அப்பா, ஸ்ரீராமபுரம்

*

வணக்கம் சார்,

மகள் சொல்வதைக் கேளுங்கள். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் கையில் மை பட்டவர் கேட்கிற கேள்வி என்பதால் அப்படியே முடித்துவிட மனம் வரவில்லை.

நம் நாட்டில் இந்தப் படிப்பு தொடங்கியதே பத்திரிகைக்காரர்களின் கையில்தான். 1920இல் அடையாறில் அன்னி பெசண்ட் தம்முடைய தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியலை ஒரு பாடமாக வைத்தார். அவரே 'நியூ இந்தியா' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவர். அது நீடிக்கவில்லை. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பிருத்விபால் சிங் ஒரு துறையைத் தொடங்கினார். பிரிவினையில் அது டெல்லிக்கு இடம்பெயர்ந்து, பிறகு சண்டிகருக்குப் போனது. நம் பக்கத்தில் 1951இல் மைசூர் மகாராஜா கல்லூரியில் நாடிக் கிருஷ்ணமூர்த்தி. ஆரம்பத்தில் அநேகமாக எல்லா இடத்திலும் ஒருவர், ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர் என்ற கணக்குதான்.

துறை பெரிதானதும் மற்ற துறைகளுக்கு உள்ள விதிதான் இதற்கும் வந்தது. வேதியியல் வாத்தியாருக்கு என்னவோ இதழியல் வாத்தியாருக்கும் அதுவே: முதுகலையில் 55 சதவீதம், அதற்கு மேல் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு. அந்தத் தேர்வில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தி எழுதக் கற்றுக்கொடுக்கப் போகிறவரை ஒரு பத்தி செய்தி எழுதச் சொல்வதில்லை. பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியராகச் சேர முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விதி போட்டது. 2021 ஜூலையில் அமலுக்கு வர வேண்டியதை 2023க்குத் தள்ளிவைத்தார்கள், 2023 வந்ததும் நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் இருந்தால் போதும் என்று மாற்றினார்கள். இந்த இழுபறி முழுவதிலும் இருபது வருடம் கோர்ட்டு, கார்ப்பரேஷன் என்று அலைந்த ரிப்போர்ட்டருக்கு இடமே இல்லை. அவருக்காக 2022இல் 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று பக்கவாட்டில் ஒரு கதவு திறந்தார்கள். பட்டம் வேண்டாம், 15 வருட அனுபவம் போதும். ஆனால் மொத்த இடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது, அதிகபட்சம் நான்கு வருடம். ஆக, நீங்கள் பார்த்த பெயர்ப் பலகை அப்படி இருப்பதற்கு அதில் உள்ளவர்கள் காரணமில்லை.

இப்போது உங்கள் அச்சு உதாரணத்துக்கு வருகிறேன். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சொந்த அனுபவம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் இதே ஊரில் நானும் இந்தப் படிப்பைப் படித்தேன். எங்களுக்கு ரிப்போர்ட்டிங் எடுத்தவர் ஒருநாள்கூடப் பத்திரிகையில் வேலை பார்த்தவர் இல்லை. மண்டியா பக்கத்துக் கிராமங்களில் யார் வீட்டில் எத்தனை மணிக்கு ரேடியோ கேட்கிறார்கள் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நாங்கள் அவரை ரேடியோ டாக்டர் என்போம், அவர் காது படவே.

வரமகாலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் கே.ஆர். மார்க்கெட் போய்ப் பூ விலை பற்றி எழுதி வரச் சொன்னார். போனேன். நசநசவென்று மழை, காலுக்கடியில் வாழை மட்டையும் அழுகின செவ்வந்தியும். பூ விற்கும் பெண்கள் பலர் நம் ஆட்கள்தானே, தமிழிலேயே பேசி முடித்துவிட்டு, மல்லிகை முழம் இத்தனை ரூபாய், போன வாரத்தைவிட அதிகம் இல்லை, வியாபாரிகள் கூறினர் என்று முக்கால் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. 'முழம்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் கன்னடத்தில் மூன்று சொல்: "யார கை மொள?" யார் கை முழம்?

எனக்கு முதலில் விளங்கவில்லை. கிண்டல் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை, மறுபடி போய்ப் பார் என்றார். கௌரி பண்டிகைக்கு முந்தின நாள் பக்கத்துத் தையல்காரரிடம் டேப்பைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். முன்பு பேசின அதே பூக்கார அம்மா. காலை ஆறு மணிக்கு முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீட்டி அளந்தார். டேப்பில் பதினேழு அங்குலம். எட்டு மணிக்குக் கூட்டம் நெருக்கியபோது விரல்கள் மடங்கிவிட்டன. முழம் பதினாலு அங்குலம். விலை அதேதான். மாரு, அதாவது நாலு முழம், என்று கேட்டவர்களுக்கும் அதே மடக்கின கையால் நாலு முறை. நான் டேப்பை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "என் கை, என் முழம். வேணும்னா உன் கையை நீட்டு, அதுல அளந்து தரேன்" என்றார். பண்டிகைக்கு விலை ஏறாததன் ரகசியம் அதுதான். முழம் இறங்கியிருந்தது.

அதை எழுதிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது. 'வியாபாரிகள்' என்பதில் 'கள்' அடிக்கப்பட்டிருந்தது. நான் பேசினது ஒரே ஒருவரிடம் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. வீடு வீடாகத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணினவர், எண்ணாதவனின் எழுத்து கண்ணில் பட்டிருக்கும். வெறுங்கை முழம் போடுமா என்று எங்கள் பாட்டி கேட்பாள். பிற்பாடு பத்திரிகையில் எனக்கு வாய்த்த சீஃப் சப்-எடிட்டர்கள் யாரும் என்னை இந்த அளவுக்குப் படுத்தியதில்லை. அவர்களுக்கு நேரம் ஏது, ஒன்பதரைக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்.

அதே வருடம் எங்களுக்குப் பெரிய எடிட்டர் ஒருவரும் வந்தார். வகுப்பு நிரம்பி வழியும். "அன்னைக்கு முதலமைச்சர்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன் பாருங்க" என்று ஆரம்பித்தால் மணி அடிப்பது தெரியாது. நாங்கள் எழுதிக் கொடுத்த தாள்களை அவர் எடுத்துப் போனார், அதோடு சரி. பல வருடம் கழித்து நான் ஒரு கல்லூரியில் கெஸ்ட்டாகப் பாடம் எடுக்கப் போனபோது என்ன செய்தேன் தெரியுமா? முதலமைச்சர் கதையைத்தான் சொன்னேன். என் முதலமைச்சர் வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். கதை சொல்வது சுலபம் சார்.

தாள் திருத்துவதுதான் கஷ்டம், கணக்கு போட்டால் உங்களுக்கே விளங்கும். வகுப்பில் நாற்பது பேர். வாரம் ஆளுக்கு ஒரு செய்தி. ஒரு தாளுக்குப் பதினைந்து நிமிஷம் என்றாலும் பத்து மணி நேரம். உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்தப் பத்து மணி அதில் சேராது. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையை எண்ணுவார்கள், கருத்தரங்கத்தை எண்ணுவார்கள். எத்தனை தாளில் சிவப்பு மை பட்டது என்று கேட்கிற படிவத்தை நான் பார்த்ததில்லை.

கெஸ்ட் என்றதும் உங்களுக்கு முகம் சுளித்திருக்கும். கன்னடத்தில் 'அதிதி உபன்யாசகரு' என்பார்கள். நம் காதுக்கு உபன்யாசகர் என்றால் ராமநவமிக்குப் பந்தலில் கதை சொல்பவர். அதிதி என்றால் இலை போட்டு உட்கார வைக்கப்பட வேண்டியவர். இவர்களுக்கு இரண்டும் கிடையாது. கர்நாடகத்தின் அரசுக் கல்லூரிகளில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி இருக்கிறார்கள், அடிக்கடி தெருவில் உட்கார்ந்து போராடவும் செய்கிறார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019இல் யுஜிசி சொன்னது. நான் போன கல்லூரியில் அதில் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் அடுத்த பேட்ச் வந்து உட்கார்ந்த பிறகுதான் கைக்கு வந்தது. எனக்கு வேறு வருமானம் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, சாயங்காலம் டியூஷன் சென்டர் என்று ஸ்கூட்டரிலேயே வாழ்ந்தவர். ஆனால் அந்தத் துறையில் பிள்ளைகளின் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்த் திருத்தி வந்தவர் அவர் ஒருவர்தான். கெஸ்ட் என்ற சொல்லை வைத்து ஆளை எடை போடாதீர்கள்.

இன்னொன்று. ஊடகச் சட்டத்தை எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தந்தவரும் நியூஸ் ரூம் பார்க்காதவர்தான். 2012இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தபோது, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரைப் போடக் கூடாது என்பது மட்டும் எங்கள் டெஸ்கில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 23ஆம் பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் எதுவும் வரக் கூடாது. பெயரை மாற்றிவிட்டுப் பள்ளியின் பெயரையும் தெருவையும் போட்ட செய்தி ஒன்று என் கையிலேயே பக்கத்துக்குப் போக இருந்தது. சட்டம் எடுத்த அந்த அம்மாவின் குரல், அத்தனை வருடம் கழித்தும், காதில் கேட்டது. "பேரு மாத்திட்டா ஊருக்குத் தெரியாதா?" நிறுத்தினேன். அனுபவசாலிகள் ஆறு பேர் அந்தச் செய்தியைப் பார்த்துக் கடந்திருந்தார்கள்.

அதற்காக டாக்டர்கள் எல்லாரும் ரேடியோ டாக்டர்கள் என்று சொல்ல வரவில்லை. இருபது வருடம் ஒரே நோட்ஸைப் படித்துக் காட்டுகிறவர்களும் உண்டு. தந்தி அனுப்புவது எப்படி என்று, தந்தியே நின்ற பிறகும் எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். யார் எப்படி என்று பெயர்ப் பலகையில் தெரியாது, போனில் தேடினாலும் கிடைக்காது. தனியார் இடத்து விளம்பரத்தில் எடிட்டர்களின் படம் இருக்கும்; அவர்கள் மாதம் எத்தனை நாள் வருகிறார்கள், தாளைத் திருத்துகிறார்களா என்பது இருக்காது. நல்ல தனியார் கல்லூரிகள் இல்லாமலில்லை. 1994இல் இந்த ஊரில் தொடங்கி 2000இல் சென்னைக்குப் போன ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்திலிருந்து வந்த பிள்ளைகளோடு வேலை பார்த்திருக்கிறேன், கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தப் பெயரைக் காட்டி எல்லாரும் ஃபீஸ் வசூலிக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, மற்ற அப்பாக்களால் முடியாதது. துறைக்கு இன்னொரு தடவை போங்கள். ஹெச்.ஓ.டி.யைப் பார்க்க வேண்டாம், அவர் நன்றாகத்தான் பேசுவார். கேன்டீனில் இரண்டாம் வருடப் பிள்ளைகள் இருப்பார்கள். திருத்தித் திரும்பி வந்த அசைன்மென்ட் ஒன்று காட்டச் சொல்லுங்கள். அடியில் ஒரு டிக்கும் பத்துக்கு ஏழும் மட்டும் இருந்தால் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்க வேண்டாம். ஓரத்தில் கேள்வி இருக்கிறதா, சொல் அடிபட்டிருக்கிறதா, எந்தப் பத்திக்கு மேல் கை சலித்திருக்கிறது என்று பதினாறு வருடம் புரூஃப் பார்த்த கண்ணுக்குத் தெரியாமல் போகாது. அப்படியே பிள்ளைகள் நடத்துகிற பயிற்சிப் பத்திரிகையின் பழைய இதழ்களையும் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை இதழ், ஊருக்குள் போய் எழுதினது எத்தனை, துறை விழாப் படங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். துறையில் இப்படித் திருத்துகிற ஒரே ஒருவர் இருந்தால் போதும், அவர் கெஸ்ட்டாக இருந்தாலும். மகளை அவர் மேசையை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கன்னடப் பத்திரிகை ஒன்றை இன்றைக்கே வீட்டில் போடச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பரீட்சைக்கு இங்கிலீஷ் என்று வளர்ந்த பெண், மார்க்கெட்டில் யாரிடமும் நின்று பேசலாம். அது பத்து மாத டிப்ளமோவில் கிடைக்கிற சரக்கில்லை.

நல்ல தாள் ஏதாவது கிடைத்தால், அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள். அடிப்பதற்கும் சேர்ப்பதற்கும் நாம் போட்ட அதே பழைய குறிகளைத்தான் இன்னும் போடுகிறார்களா என்று பார்க்க ஆசை.