ஸ்டேஷனில் அடித்தால் எஸ்.பி. பொறுப்பா? கேள்வி பதில்

(மதுரையில் காவல் சித்திரவதை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் பதில் தருகிறார்.)

கேள்வி: தம்பியை அடித்தது இரண்டு ஏட்டுகள். எஸ்.பி. மேலும் கேஸ் போடலாமா சார்?

பதவியில் இருந்தார் என்பதற்காக மட்டும் போட முடியாது. கீழே உள்ளவர் செய்த குற்றத்துக்கு மேலதிகாரியைத் தண்டிக்கும் பொதுவான பிரிவு நம் குற்றச் சட்டத்தில் இல்லை. உத்தரவிட்டார், உடந்தையாக இருந்தார், தெரிந்தே மறைத்தார் என ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். ஆனால் துறை நடவடிக்கைக்கு மேற்பார்வையில் அலட்சியம் என்பதே போதும்.

அதனால் 'அவர் சொல்லித்தான் அடித்தார்களா' என்பதிலேயே நிற்காதீர்கள். அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த டி.கே. பாசு தீர்ப்பின்படி, கைது விவரம் 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். போயிருந்தால் மேலே தெரியும். போகவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று மேலே யார் கேட்டார்கள்? எஸ்.பி.க்கு மனுவை ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். போனில் சொன்னது எதற்கும் உதவாது.

கேள்வி: சிசிடிவி ஓடவில்லை என்கிறார்கள்.

தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் வழக்கிலும் இதுதான் நடந்தது. 2020-இல் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் அழியும்படி வைத்திருந்ததைக் கண்டு எழுதினார். அவருக்கு ஒத்துழைக்காததால் ஏடிஎஸ்பி, டிஎஸ்பி மீதே உயர் நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கேமரா ஓடுவதற்கு நிலைய அதிகாரியே பொறுப்பு, பதிவு குறைந்தது 1 ஆண்டு இருக்க வேண்டும் என்றது. 'ஓடவில்லை' என்ற பதிலையே எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: அடித்தவர்களை ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்களாம். தண்டனைதானே?

இல்லை. மாற்றம் தண்டனை ஆகாது.

கேள்வி (ஓய்வு பெற்ற டிஎஸ்பி): ஒரு எஸ்.பி.க்குக் கீழே எத்தனையோ ஸ்டேஷன். பின்னறையில் ராத்திரி நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? இப்படிப் பேசினால் யாரும் துணிந்து வேலை செய்ய மாட்டார்கள்.

ஐயா, பின்னறையை யாரும் எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளியை அடித்துக் கொன்றது தனிப்படை. டிஎஸ்பியின் கீழ் இருந்த படை. நகை திருட்டுப் புகாரில் எஃப்.ஐ.ஆர். பதியும் முன்பே அவர்கள் கைக்கு அந்தக் காவலாளி எப்படிப் போனார்? டிஎஸ்பி சஸ்பெண்ட் ஆனார், எஸ்.பி. பொறுப்பு எதுவும் இல்லாமல் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார்.

கேள்வி (அவரே மீண்டும்): தனிப்படை இல்லாமல் திருட்டு கேஸ் பிடிக்க முடியாது. ரிசல்ட் கேட்பது மேலே இருப்பவர்கள்தான்.

நான் சொல்வதும் அதுதான் ஐயா. ரிசல்ட்டை மேலிருந்து கேட்டால், அது எப்படி வந்தது என்பதற்கும் மேலிருந்துதான் பதில் வர வேண்டும். ஏட்டு மட்டும் ஜெயிலுக்குப் போவது உங்களுக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகளுக்கும் அநியாயம்.

கேள்வி: போலீஸ் புகார் ஆணையத்துக்குப் போகலாமா?

போகலாம், பெரிதாக நம்ப வேண்டாம். அந்த ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 காவல் சீர்திருத்தச் சட்டம் அந்த இடத்தில் மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் உட்கார வைத்தது. மனித உரிமை ஆணையத்துக்குப் போங்கள். சம்பவம் நடந்து 1 ஆண்டுக்குள்.

கேள்வி: எஸ்.பி. மேல் நேராக கேஸ் போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி நிறைய வந்திருக்கிறது.

கேள்வி: பட்டா பெயர் மாற்றம்...

என் துறை இல்லை. தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: எஸ்.பி.க்கு மனு அனுப்பியும் பதில் இல்லை.

சேர்ந்ததற்கான சான்று இருக்கிறதா? இருந்தால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். அரசு ஊழியர் மீதான புகார் என்பதால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 175(4) பிரிவில் மேலதிகாரியிடம் அறிக்கை கேட்பார். பலர் இதைத் தடை என்று நினைக்கிறார்கள். அந்த அறிக்கையில் மேலதிகாரி கையெழுத்துப் போடுகிறார் என்பதைக் கவனியுங்கள். அதில் பொய் இருந்தால் அது அவருடைய பொய். நகல் மனு போட்டு வாங்கி வையுங்கள்.