கல்யாணப் பட்டு பிடிக்காமல் போச்சு, விற்றுவிடலாமா?

தோழி, 2006-ல் எடுத்த வாடாமல்லி முகூர்த்தப் பட்டு, மயில்கழுத்து நிறத்தில் ஒரு சாண் பார்டர், இப்போது பார்த்தாலே கண்ணைக் குத்துகிறது, பழைய பட்டு வாங்குபவரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். அவர் பார்ப்பது ஜரிகையில் இருக்கும் வெள்ளியைத்தான், நெசவுக்கெல்லாம் காசு தேறாது.

நடுவில் பல வருஷம் வெளிர் ரோஸ், சந்தனம், புதினாப் பச்சை, பார்டரே இல்லாத பட்டு என்று எல்லாரும் திரிந்தோம், கண்ணும் அதற்கே பழகிவிட்டது, அதனால்தான் வாடாமல்லி இப்போது கூச்சல் போடுகிற மாதிரி தெரிகிறது. ஆனால் அகல பார்டர் கல்யாண வீடுகளில் மறுபடி தலைகாட்டுகிறது, கவனித்தீர்களா?

என் கணிப்பு, உங்களை உறுத்துவது புடவையே இல்லை, அதோடு வந்த துணியில் தைத்த ரவிக்கை. அதை விட்டுவிட்டு வேலைப்பாடு இல்லாத அரக்கு நிற ரவிக்கை, முழங்கை வரை கை வைத்துத் தைத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் ஒருதரம் கட்டிப் பாருங்கள். (கடை டியூப்லைட்டில் எந்த வாடாமல்லியும் நன்றாக இருக்காது.)

அப்புறம், உடலும் பார்டரும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். பல் பல்லாக நூல் கோத்திருந்தால் அது கோர்வை, கைத்தறியில் பெரும்பாலும் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்வது. மடிப்பில் இற்றுப் போயிருந்தால் மட்டும் வெட்டி மகளுக்குப் பாவாடை தைக்கலாம். இல்லையென்றால் மடிப்பை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி பீரோவில் வையுங்கள்.