மாதிரித் தேர்வில் பாஸ், உண்மைத் தேர்வில் ஃபெயிலா?

ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கான பயிற்சிச் செயலியில் 90-க்கு மேல் மதிப்பெண் வாங்குகிறீர்கள், உண்மைத் தேர்வில் சாலைப் பலகைகளும் சந்திப்புக் கேள்விகளும் கவிழ்த்துவிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் விடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் மனதில் நிற்கும், விதி நிற்காது. கொஞ்ச நாளைக்குச் செயலியை மூடிவிட்டு அதிகாரபூர்வக் கையேட்டை எடுங்கள்.

பலகைகளைப் படம் படமாக உருப்போடாதீர்கள், வடிவத்தில் தொடங்குங்கள். எண்கோணம் என்றால் நில், தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடு. எழுத்தை அழுக்கு மறைத்தாலும் அடையாளம் தெரியட்டும் என்றுதான் இந்த இரண்டுக்கும் தனி வடிவம்.

சந்திப்புக் கேள்வி வந்தால் ஒரு தாளில் கூட்டல் குறி போட்டு, வண்டிகளை அம்புக்குறியாக வரையுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்: போக்குவரத்துக் காவலர் சைகை காட்டுகிறாரா? சிக்னல் வேலை செய்கிறதா? பலகையோ தரைக்கோடோ இருக்கிறதா? முன்னது இருந்தால் பின்னது செல்லாது. எதுவுமே இல்லாத இடத்தில்தான் எந்தப் பக்க வண்டிக்கு வழிவிடுவது என்ற பொது விதி வரும். சிக்னல் சிவப்பு, காவலர் போகச் சொல்கிறார் என்றால் போக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

தூரக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் 4 மடங்கு; கால் பிரேக்குக்குப் போகும்வரை ஓடும் தூரம் 2 மடங்குதான். கேட்டிருப்பது எது என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

அபராதத் தொகை, உரிம வகைகளையெல்லாம் தேர்வுக்கு முந்தைய நாள் பார்த்தால் போதும்.