வாசகர் கேட்டவை: வீட்டில் ரம் வடிக்கலாமா?

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். பிரான்ஸில் இருக்கும் மகன் அடுத்த முறை வரும்போது சின்னதாக ஒரு செம்பு வாலை (வடிக்கும் கலம்) வாங்கி வருகிறேன் என்கிறான். கரும்புக்கா நம் தீவில் பஞ்சம்? வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் ரம் வடித்துப் பழகலாம் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், ரோஸ் ஹில்

பதில்: மகனுக்கு இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மொரீஷியஸில் உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம், வீட்டுக்கு மட்டும்தான் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. பெரிய ஆலைகளே 2006க்கு முன்னால் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸில்தான் ரம் வடித்தார்கள், கரும்புச் சாற்றிலிருந்து நேராக வடிக்க அதன் பிறகுதான் அனுமதி வந்தது. சாமரேலில் இன்று சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்று சுவைத்துப் பார்க்கிற ரம்மெல்லாம் அதற்குப் பின் வந்ததுதான்.

சட்டத்தை விடுங்கள், சமையலறையை நினைத்துப் பாருங்கள். பானையிலிருந்து கசியும் சாராய ஆவி கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், ஒரு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்றால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். திலாம்பிக் என்ற திருட்டுச் சாராயம் வடிக்கிறவர்கள் ஒளிந்து வடிப்பதால் கிடைத்த குழாயை, சில சமயம் ஈயப் பற்று வைத்த பழைய கார் ரேடியேட்டரைக்கூட மாட்டிவிடுகிறார்கள். அந்த ஈயம் குடிப்பவன் உடம்பில்தான் போய்ச் சேரும்.

ஆனால் உங்கள் ஆசை வடிப்பதில்தான், குடிப்பதில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன் (அம்மா வீட்டில் என்ன சொல்கிறார்களோ தெரியாது). அப்படியென்றால் வழி இருக்கிறது. வயிற்று வலிக்குக் கொடுக்கும் ஓமத் தீநீர் வாலையில் வடிப்பதுதானே? அதே வேலையை மூடி நடுவில் மேடாக உயர்ந்த ஒரு பெரிய பானையில் செய்யலாம். பானையின் நடுவில் ஒரு செங்கல், அதன்மேல் கிண்ணம். சுற்றிலும் நறுக்கிய சித்ரொனெல் (எலுமிச்சைப் புல்), அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஆனால் கொதிக்கும்போது கிண்ணத்துக்குள் தெறிக்கக் கூடாது. மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் ஐஸ் கட்டிகளை வையுங்கள். தீ சிறிதாக இருக்கட்டும். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, நடுவில் இருக்கும் குழிவுக்கு ஓடி வந்து கிண்ணத்தில் சொட்டும். முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் போனால் வாசனை மெலிந்து வெந்த புல் நாற்றம்தான் வரும். பாட்டிலை வெந்நீரில் கொதிக்க வைத்துக் காயவிட்டு, அதில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு, சர்க்கரை எதுவும் இல்லாத நீர், வெளியில் வைத்தால் கெட்டுவிடும். எலுமிச்சை இலை, கறிவேப்பிலை, இலாங் இலாங் பூ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், கறிவேப்பிலைதான் உங்களை ஏமாற்றும், தாளிக்கும்போது வரும் மணம் இதில் வராது. கைக்குழந்தைக்கு மட்டும் நீங்கள் வடித்த எதையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும், மீதியைப் பயமில்லாமல் குடிக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78 டிகிரிக்குச் சற்று மேலே. தனித்தனியாக இருந்தால் அப்படி. தண்ணீரோடு கலந்துவிட்டால் ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையில் வராது, மெத்தனால் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேதான் இருக்கும். பழத்தோலில் உள்ள பெக்டினிலிருந்து அது உண்டாகிறது, கரும்புச் சர்க்கரையில் மிகக் குறைவு. கூட்டமாகச் சாவு நடக்கும் இடங்களில் பெரும்பாலும் காரணம், காசுக்காகத் தொழிற்சாலை மெத்தனாலை ஊற்றிக் கலந்ததுதான். யார் எதைக் கலந்தார்கள் என்பதை நாக்கு சொல்லாது. குடித்த பிறகு பார்வை மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கணவர் ரம் அராஞ்சே போட வேண்டும் என்று லிச்சிப்பழம் வாங்கிக் குவித்திருக்கிறார். சட்டப்படி சரிதானா? எத்தனை நாள் ஊற வேண்டும்?
– ஒரு வாசகி, காத்ர் போர்ன்

பதில்: கடையில் வாங்கிய ரம்மில் பழம் போட்டு வீட்டில் ஊற வைப்பதில் வடிப்பது எங்கே வருகிறது? தாராளமாகப் போடட்டும், விற்க மட்டும் வேண்டாம். வெள்ளை ரம் எடுங்கள், 40 சதவீதத்துக்குக் குறையாமல், முடிந்தால் அதற்கு மேலே, ஏனென்றால் பழத்தின் நீர் இறங்கினால் ரம் நீர்த்துப்போகும். லிச்சியைத் தோலுரித்து, கொட்டை எடுத்து, ஒரு வனிலாக் காயைக் கீறிப் போட்டு, பழம் முழுக்க மூழ்கும்படி ஊற்றச் சொல்லுங்கள். மேலே தலை நீட்டும் பழம் கறுத்துவிடும். ஆரஞ்சு போடுவதாக இருந்தால் தோலின் உள்ளே இருக்கும் வெள்ளையைச் சுரண்டிவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். சர்க்கரையைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்தால் போதும், முதலிலேயே கொட்டுகிறவர்கள்தான் அதிகம். குறைந்தது மூன்று மாதம். டிசம்பரில் போட்டால் நடுவில் காவடி விரதம் வந்துவிடும், அவரும் ஜாடியைத் தொட மாட்டார், வருஷப் பிறப்புக்குத் திறக்கலாம்.