ஏஜென்ட் அடித்த ‘இல்லை’ டிக்: அமெரிக்க ஆஸ்பத்திரி பில் யார் தலையில்?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. டல்லாஸில் இருக்கும் தங்கையின் பிரசவத்துக்குப் போனவர், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. பில் 38,000 டாலர். 50,000 டாலருக்குப் பயணக் காப்பீடு எடுத்திருந்தோம். சர்க்கரை நோயை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். 9 வருடமாக வேலூர் சி.எம்.சி.யில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவது உண்மைதான். ஆனால் படிவத்தை நிரப்பியது டிக்கெட் போட்ட ஏஜென்ட். வழக்கு நிற்குமா? அடுத்து அப்பாவும் போகிறார். அவருக்கு என்ன பார்த்து எடுப்பது?
- குடியாத்தம் வாசகர்

பதில்: வழக்கு நிற்கும். ஆனால் ‘ஏஜென்ட்தான் எழுதினார்’ என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என, ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆன்லைனில் எடுத்த பாலிசி என்றால் ஓ.டி.பி. எந்த செல்போனுக்குப் போனது என்று பாருங்கள். ஏஜென்ட் எண்ணுக்குப் போயிருந்தால், ‘சர்க்கரை உண்டா’ என்ற கேள்வி அம்மாவிடம் கேட்கப்படவே இல்லை என்று வாதாட இடமிருக்கிறது.

உங்கள் பலம் வேறு இடத்தில். முறிந்தது எலும்பு, மறைத்தது சர்க்கரை. இரண்டுக்கும் தொடர்பில்லை. சொல்லாமல் விட்ட முதுகெலும்புத் தேய்மானத்துக்கும் மாரடைப்பு மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அதுவும் ஆயுள் காப்பீடுதான், தர்க்கம் இங்கும் பொருந்தும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? ‘சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தார்’ என்று சொல்லும். அதனால் எமர்ஜென்சியில் எழுதிய முதல் குறிப்பை உடனே வாங்குங்கள். ‘வழுக்கினார்’ என்று இருக்கிறதா, ‘தலைசுற்றியது’ என்று இருக்கிறதா? அன்றைய சர்க்கரை அளவு என்ன? வழக்கே அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். படிவத்தின் நகலையும், எந்த ஷரத்தின்படி மறுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 சுற்றறிக்கைப்படி க்ளெய்ம் மறுப்புக்கு மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அது வாங்கப்பட்டதா என்றும் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டால், ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பார். கட்டணமில்லை, வக்கீலும் கூடாது (வக்கீலான நானே சொல்கிறேன்). அவர் தரும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களை அல்ல.

இன்னொரு வழி வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் ஆபீஸ் எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் போடலாம். கட்டணத்தைக் கணக்கிடுவது கேட்கும் தொகையை வைத்து அல்ல, கட்டிய பிரீமியத்தை வைத்து. 5 லட்சத்துக்குள் என்றால் ஒரு பைசாவும் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். மறுப்புக் கடிதத்தின் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஓம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். எனவே அவரிடம் முதலில் போவதுதான் என் யோசனை.

இதற்கிடையே டல்லாஸ் பில்லை அப்படியே கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில் கேளுங்கள். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி என்றால் நிதியுதவித் திட்டம் வைத்திருப்பது அங்கே கட்டாயம். டிஸ்சார்ஜுக்குப் பின் வந்த முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். பார்வையாளருக்குத் தருவார்களா என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்.

அப்பா விஷயம். படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள். மாத்திரைச் சீட்டில் உள்ள எல்லா மருந்தையும் எழுதுங்கள், கொழுப்பு மாத்திரை உட்பட. சர்க்கரையைச் சொல்லிவிட்டு அந்த ஒரு மாத்திரையை விட்டவருக்கு சான்பிரான்சிஸ்கோவில் மாரடைப்பு வந்தது, கம்பெனி கைவிரித்தது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, ஆனால் அதுவரை வழக்கு நடத்த வேண்டியிருந்ததே!

பிறகு மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். 60 வயது தாண்டியவர்களுக்கான பல பாலிசிகளில் அறை வாடகை, ஐ.சி.யூ., சர்ஜன் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு இருக்கும். 1,00,000 டாலர் பாலிசியும் அங்கே சுருங்கிவிடும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிராபத்து நேரத்திலாவது எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். விமானம் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். காப்பீட்டுக் கம்பெனியின் உதவி எண் தங்கை செல்போனிலும் இருக்கட்டும்: ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அவர்களுக்குச் சொல்லாததே க்ளெய்ம் சிக்கலாக இன்னொரு காரணம்.